மியூனிக்கில் சம்பாதித்த பெயர்

பி.எம்.டபிள்யூ. பெயரில் வெளிவந்த முதல் கார் ஓர் ஆங்கிலேய வண்டி. அது பிறந்த ஊரும் பவேரியாவில் இல்லை. 1928இல் மத்திய ஜெர்மனியின் ஐசனாக் நகரில் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த ஒரு வாகன ஆலையை மியூனிக்கின் பி.எம்.டபிள்யூ. விலைக்கு வாங்கியது. இங்கிலாந்தின் ஆஸ்டின் நிறுவனத்திடம் உரிமம் பெற்று, 'ஆஸ்டின் செவன்' என்ற குட்டிக் காரை 'டிக்ஸி' என்ற பெயரில் அந்த ஆலை செய்துவந்தது. ஆலையோடு உரிமமும் கைமாறியது. அடுத்த ஆண்டே அந்த வண்டி சில திருத்தங்களோடு பி.எம்.டபிள்யூ. சின்னத்தைத் தாங்கி வந்தது. வெறும் 15 குதிரைத்திறன். ஏழைக்கும் பணக்காரருக்கும் நடுவில் இருந்தவர்கள் மோட்டார் சைக்கிளுக்குப் பதிலாக வாங்கிய வண்டி.

இந்த நிறுவனத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் கதை வேறு. விமான எஞ்சின் செய்தவர்கள், அதே நுட்பத்தோடு காருக்கு வந்தார்கள், நூறாண்டாக உயர்தர வண்டிகளையே செய்துவருகிறார்கள், ஜெர்மன் வண்டி என்பதால் பழுதாகாது என்பது அந்தக் கதை. இதில் உண்மையும் இருக்கிறது, விளம்பரமும் இருக்கிறது, பேசாமல் விடப்பட்டதும் இருக்கிறது. மூன்றையும் பிரித்துப் பார்த்தால் அந்தப் பெயரின் உண்மையான மதிப்பு தெரியும். நாம் இன்று அறிந்திருக்கும் பி.எம்.டபிள்யூ., 1959இல் மூழ்கப்போன ஒரு கம்பெனி அடுத்த பதினைந்து ஆண்டுகளில் உழைத்துச் சம்பாதித்த பெயர். அதற்கு முந்தைய வரலாற்றைப் பரம்பரைச் சொத்துபோலக் காட்டுவது பின்னாளில் வந்த பழக்கம்.

சின்னத்திலிருந்தே தொடங்கலாம். நீலமும் வெள்ளையுமாக நான்கு கூறுகள் கொண்ட அந்த வட்டம், சுழலும் விமான விசிறியைக் குறிக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். 1917இல் 'ராப்' எஞ்சின் ஆலை பெயர் மாறி பி.எம்.டபிள்யூ. ஆனபோது, ராப்பின் பழைய கறுப்பு வளையத்துக்குள் பவேரிய மாநிலக் கொடியின் நிறங்களை வைத்தார்கள். அரசு முத்திரையை வணிகச் சின்னமாக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததால் நிறங்களின் வரிசையை மாற்றினார்கள். விசிறி என்ற கருத்து 1929இல் வந்த ஒரு விளம்பரத்திலிருந்து பிறந்தது. பறக்கும் விமானத்தின் விசிறிக்குள் சின்னத்தை வரைந்திருந்தார்கள். படம் பிடித்துப்போனது, நிறுவனமும் பல காலம் திருத்தவில்லை.

ஆனால் விமான எஞ்சின் பெருமை பொய்யில்லை. 1919 ஜூனில் ஃபிரான்ஸ் சீனோ டீமர் என்ற விமானி பி.எம்.டபிள்யூ. எஞ்சின் பொருத்திய விமானத்தில் 9,760 மீட்டர் உயரம் ஏறினார். அதே மாதம் கையெழுத்தான வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் விமான எஞ்சின் தொழிலுக்குப் பூட்டுப் போட்டது. வேலையற்றுப்போன பொறியாளர்கள் ரயில் பிரேக்கும் சிறு எஞ்சின்களும் செய்து காலத்தை ஓட்டினார்கள். அவர்களில் ஒருவர் மாக்ஸ் ஃபிரிட்ஸ்.

இந்த நிறுவனத்தின் பொறியியல் குணத்தைப் புரிந்துகொள்ள ஃபிரிட்ஸ் 1923இல் செய்த ஆர் 32 மோட்டார் சைக்கிளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகப் படுத்த இரண்டு சிலிண்டர்கள் கொண்ட ஒரு சிறிய எஞ்சினை பி.எம்.டபிள்யூ. ஏற்கெனவே மற்ற கம்பெனிகளுக்கு விற்றுவந்தது. அவர்கள் அதை வண்டியில் முன்னும் பின்னுமாகப் பொருத்தினார்கள். முன் சிலிண்டருக்குக் காற்று கிடைத்தது. பின் சிலிண்டர் சூடேறித் தொல்லை கொடுத்தது. ஃபிரிட்ஸ் எஞ்சினைக் கால்வட்டம் திருப்பி வைத்தார். இப்போது இரு சிலிண்டர்களும் வண்டியின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு காற்றில் நின்றன. அதோடு எஞ்சினின் சுழலச்சு வண்டியின் நீளவாக்கில் வந்துவிட்டதால் அங்கிருந்து ஒரு தண்டை நேராகப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. எண்ணெய் விட்டு இழுத்துக் கட்ட வேண்டிய சங்கிலி தேவையே இல்லாமல் போயிற்று. ஒரே திருப்பத்தில் இரண்டு சிக்கல்கள் தீர்ந்தன. நூறாண்டு கழித்தும் அந்த நிறுவனம் இதே அமைப்பில் பைக் விற்கிறது.

எதிரெதிர் சிலிண்டரில் ஒரு பிஸ்டன் இடப்பக்கம் பாயும்போது மற்றது வலப்பக்கம் பாய்கிறது. ஒன்றின் உதறலை மற்றது அடக்குகிறது. ஒரே வரிசையில் நிற்கும் ஆறு சிலிண்டர் எஞ்சினிலும் இதுதான் நடக்கிறது: முதல் மூன்றின் அசைவைப் பின் மூன்று கண்ணாடி பிம்பம்போலத் திருப்பிச் செய்வதால் அதிர்வுகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. நான்கு சிலிண்டரில் இந்தக் கணக்கு முழுதாகச் சேராது. மிச்சம் இருக்கும் உதறல் ஸ்டீயரிங் வரை வரும். 1933இல் வந்த 303 மாடல்தான் பி.எம்.டபிள்யூ.வின் முதல் ஆறு சிலிண்டர் கார். முகப்பில் இரட்டைச் சிறுநீரக வடிவக் கம்பி வலை வந்ததும் அதில்தான். மூன்றாண்டு கழித்து வந்த 328 பந்தயக் களங்களில் பேர் வாங்கியது.

அடுத்துச் சொல்ல வேண்டியது போர்க்காலம். பல வாகனப் பத்திரிகைகள் இந்தப் பகுதியை இரண்டு வரியில் தாண்டிப் போகின்றன, அது நியாயமில்லை. ஹிட்லர் ஆட்சியில் ராணுவத்துக்காக விமான எஞ்சின் தொழில் விரிவடைந்ததும் பி.எம்.டபிள்யூ.வின் முதன்மை வருமானம் அதுதான். அது செய்த 801 எஞ்சின் ஃபோக்கே வுல்ஃப் 190 போர் விமானத்தை இயக்கியது. மியூனிக்கின் புறநகரான ஆலாக்கில் இருந்த ஆலைக்குப் பக்கத்திலேயே டாக்கௌ வதைமுகாமின் கிளை ஒன்று நிறுவப்பட்டது. முகாம் கைதிகளும், போர்க்கைதிகளும், ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளிலிருந்து இழுத்துவரப்பட்டவர்களுமாகப் பல்லாயிரம் பேர் அந்நிறுவனத்தின் ஆலைகளில் கட்டாய வேலை செய்தார்கள். பட்டினியிலும் நோயிலும் அடியிலும் செத்தவர்கள் பலர். 1983இல் வெளிவந்த வரலாற்று நூலில்தான் நிறுவனம் இதைப் பொதுவெளியில் பேசத் தொடங்கியது. 2016இல் தன் நூற்றாண்டு நாளில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். பி.எம்.டபிள்யூ.வின் பங்கில் கிட்டத்தட்ட பாதியை இன்று வைத்திருக்கும் குவாண்ட் குடும்பத்துக்கும் நாஜி ஆட்சிக்கும் இருந்த தொடர்பையும், பி.எம்.டபிள்யூ. ஆலைகளில் நடந்த கட்டாய வேலையையும் பலர் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் உண்மை, ஆனால் இரண்டும் தனித்தனி. போர்க்காலத்தில் பி.எம்.டபிள்யூ. குவாண்ட் கையில் இல்லை. குந்தர் குவாண்ட் நடத்தியது 'ஆஃபா' என்ற பேட்டரி நிறுவனம். ஹனோவரில் இருந்த அதன் ஆலையிலும் வதைமுகாம் கைதிகள் வேலை வாங்கப்பட்டார்கள். அவர் மகன் ஹெர்பர்ட்டும் அந்தத் தொழிலில் பொறுப்பு வகித்தவர். குடும்பம் இதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. 2007இல் ஜெர்மன் தொலைக்காட்சியில் ஒரு ஆவணப்படம் வந்து நாடே கேள்வி கேட்ட பிறகுதான் யோஆகிம் ஷோல்டிசெக் என்ற வரலாற்றாய்வாளரிடம் ஆவணங்களைத் திறந்துவிட்டார்கள். 2011இல் வந்த அவருடைய ஆய்வு, தந்தையின் பொறுப்பையும் மகனின் பொறுப்பையும் மறைக்காமல் சொன்னது. ஆக, கம்பெனி தன் குற்றத்துக்கும் உரிமையாளர் குடும்பம் தன் குற்றத்துக்கும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டியவர்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மூடிவிட இடம் தரக் கூடாது.

போர் முடிந்தபோது ஐசனாக் ஆலை சோவியத் பகுதிக்குள் போய்விட்டது. காரும் அங்கேதான் செய்யப்பட்டது என்பதால் மியூனிக்கிடம் கார் செய்யும் ஆலையே இல்லை. ஐசனாக்கில் பழைய மாடல்களை பி.எம்.டபிள்யூ. பெயரிலேயே தொடர்ந்து செய்து விற்றார்கள். வழக்குக்குப் பின் 1952இல் அந்தப் பெயர் 'இ.எம்.டபிள்யூ.' ஆகி, சின்னத்தின் நீலம் சிவப்பாக மாறியது. மியூனிக்கில் எஞ்சியிருந்தவர்கள் சட்டி பானையும் சைக்கிளும் செய்தார்கள். 1948இல்தான் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்ப முடிந்தது.

கார் தொழிலுக்குத் திரும்பியபோது எடுத்த முடிவு கம்பெனியைக் கிட்டத்தட்ட கொன்றுவிட்டது. இடிபாடுகளுக்கு நடுவே வாழ்ந்த ஒரு நாட்டில், 501 என்ற பெரிய, விலை உயர்ந்த காரைக் கொண்டுவந்தார்கள். அதன் பருத்த வளைவுகளைப் பார்த்து மக்கள் 'பரோக் தேவதை' என்று பெயர் வைத்தார்கள், வாங்கத்தான் ஆளில்லை. அமெரிக்கச் சந்தையை நம்பிச் செய்த 507 என்ற விளையாட்டுக் காரில் 250 சொச்சம்தான் விற்றது. எல்விஸ் பிரெஸ்லி ஒன்று வைத்திருந்தார் என்பது இன்று அதன் விலையை ஏற்றுகிறது, அன்று நட்டத்தைக் குறைக்கவில்லை. மறுமுனையில் இத்தாலிய உரிமத்தில் 'இசெட்டா' வந்தது. முட்டை வடிவம், மோட்டார் சைக்கிள் எஞ்சின், முன்முகமே கதவு. கதவைத் திறந்தால் ஸ்டீயரிங்கும் அதோடு சேர்ந்து வெளியே வரும். 1,60,000க்கும் மேல் விற்றது. ஆனால் ஒரு வண்டியில் கிடைத்த லாபம் சொற்பம். மேலே பணக்காரருக்கு ஒன்று, கீழே இசெட்டா. காசு சேர்க்கும் நடுத்தரக் குடும்பம் வாங்க நடுவில் ஒன்றுமே இல்லை.

1959 டிசம்பர் 9 அன்று மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம். டாய்ச்ச வங்கியின் ஹான்ஸ் ஃபைத் தலைமை. திட்டம் தயாராக இருந்தது: பழைய பங்குகளின் மதிப்பைக் குறைப்பது, புதுப் பங்குகளை டைம்லர்-பென்ஸ் பக்கம் கொடுப்பது. அதாவது பி.எம்.டபிள்யூ. மெர்சிடிஸின் உதிரிபாக ஆலையாகிவிடும். வாக்கெடுப்பில் எதிர்ப்பு எடுபடாது என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஜெர்மனியில் சிறு முதலீட்டாளர்கள் தங்கள் பங்குகளை வங்கியில் வைத்திருப்பார்கள். அவர்கள் சார்பில் வாக்களிப்பதும் வங்கிதான். கையில் பங்கு இல்லாமலே கூட்டத்தில் பெரும்பான்மை வங்கியிடம் இருந்தது.

அந்தக் கூட்டத்தைத் திருப்பியவர் ஃபிரிட்ரிஷ் மாட்டெர்ன் என்ற வழக்கறிஞர். சிறு பங்குதாரர்கள் சார்பில் எழுந்தவர், ஆண்டுக் கணக்கைக் கையில் எடுத்தார். கம்பெனி 700 என்ற புதிய சிறிய காரைத் தயாரித்து முடித்திருந்தது. அந்த ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அதற்கு நல்ல வரவேற்பு. அந்தக் காரை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே ஆண்டின் நட்டமாக எழுதியிருந்தார்கள். கார் பல ஆண்டுகள் விற்கப்போகிறது என்றால் அதன் செலவையும் பல ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவதுதான் முறை. அப்படி எழுதியிருந்தால் கம்பெனி சாகும் நிலையில் இருப்பதாகத் தெரியாது. கணக்கில் குறை இருப்பதாக மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர்கள் சொன்னாலே கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டும் என்பது ஜெர்மன் சட்டம். பெரும்பான்மை தேவையில்லை. மாட்டெர்னும், எரிஷ் நோல்ட் என்ற நிலக்கரி வியாபாரியும் அந்தப் பத்து சதவீதத்தைத் திரட்டினார்கள். டைம்லரின் சலுகைக்கு அன்றோடு கெடு முடிந்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதும் திட்டம் செத்தது.

இந்த நிகழ்வைப் பெரும்பாலும் ஹெர்பர்ட் குவாண்ட் கம்பெனியைக் காப்பாற்றிய கதையாகவே சொல்கிறார்கள். சிறு வயதிலேயே பார்வையை ஏறக்குறைய இழந்தவர், டைம்லரிலும் பங்கு வைத்திருந்தவர், எதிர்ப்பின் வேகத்தைப் பார்த்து மனம் மாறித் தன் பணத்தை இங்கே கொட்டினார். அவர் எடுத்த அபாயம் பெரியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் முடிவெடுப்பதற்கு முன்பே கதவைத் திறந்து வைத்தவர்கள் கணக்குப் படிக்கத் தெரிந்த ஒரு வழக்கறிஞரும், சேமிப்பைப் போட்ட சிறு பங்குதாரர்களும், ஆலை மூடப்படக் கூடாதென்று நின்ற விற்பனையாளர்களும், கூர்ட் கோல்டா தலைமையில் இருந்த தொழிலாளர் மன்றமும்தான். இவர்களுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது எங்கள் கருத்து.

பிறகு வந்தது 1961இல் காட்டப்பட்ட 1500. 'நியூவ கிளாசே' வரிசையின் முதல் வண்டி. நான்கு கதவு, நடுத்தர அளவு, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், நான்கு சக்கரமும் தனித்தனியே மேடுபள்ளத்தைத் தாங்கும் அமைப்பு. அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹவுசன் வடிவமைத்த எஞ்சினில் வளர இடம் விட்டிருந்தார்கள்; 1500 சிசியில் தொடங்கி 2000 வரை போனது. அதே எஞ்சினின் அடிக்கட்டிலிருந்து வந்த டர்போ எஞ்சின்தான் 1983இல் நெல்சன் பிக்கேவுக்கு ஃபார்முலா ஒன் பட்டம் வாங்கித் தந்தது. குடும்பத்தோடு போகவும் வேண்டும், தனியாகப் போகும்போது ஓட்டவும் ஆசையாக இருக்க வேண்டும் என்று நினைத்த ஒரு புதிய நடுத்தர வர்க்கம் அப்போது ஜெர்மனியில் உருவாகியிருந்தது. மெர்சிடிஸ் அவர்களுக்கு முதியவர் வண்டி, ஓப்பல் சாதாரணம். விற்பனைத் தலைவர் பவுல் ஹானமன் இந்த இடைவெளியைக் குறிவைத்தே கம்பெனியை நடத்தினார். போருக்குப் பின் முதன்முறையாகப் பங்குதாரர்களுக்கு லாப ஈவு கிடைத்தது. 1975இல் '3 சீரிஸ்' வந்தபோது பாதை உறுதியாகிவிட்டது. அதையொட்டி அமெரிக்காவில் வந்த விளம்பர வாசகம் இதை ஓட்டுவதற்கென்றே பிறந்த இயந்திரம் என்றது.

அந்த விளம்பரம் சொன்னதையும் சொல்லாததையும் கவனிக்க வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி எப்படிப் பதில் சொல்லும் என்பதில்தான் பி.எம்.டபிள்யூ. பெயர் சம்பாதித்தது. எஞ்சின் முன்னால், விசை பின்சக்கரத்துக்கு, எடை இரண்டு அச்சுக்கும் ஏறக்குறைய சமமாக. முன்சக்கரத்துக்குத் திருப்பும் வேலை மட்டும், இழுக்கும் வேலை கிடையாது. இது அளந்து பார்க்கக்கூடிய உண்மை. ஆனால் நீண்ட நாள் பழுதில்லாமல் உழைக்கும் என்பது வேறு வாக்குறுதி. அந்த வாக்குறுதியை விளம்பரத்தைப் படித்தவர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாந்தவர்கள் உலகெங்கும் உண்டு. 2008இல் வந்த என் 63 எட்டு சிலிண்டர் எஞ்சினில் டர்போக்களை இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவில் வைத்தார்கள். விசை உடனே கிடைத்தது; அங்கே தேங்கிய சூடு ரப்பர் அடைப்பான்களைப் பொசுக்கி, எண்ணெயைக் குடிக்கவைத்தது. அமெரிக்காவில் சிறப்புப் பழுதுபார்ப்புத் திட்டமே அறிவிக்க வேண்டிவந்தது. 2018இல் தென்கொரியாவில் புகை மறுசுழற்சிக் குளிர்ப்பானில் ஏற்பட்ட கசிவால் பல டீசல் கார்கள் ஓடும்போதே தீப்பிடித்தன. குறையை மறைத்து, திரும்பப் பெறுவதையும் தாமதித்தார்கள் என்று அந்நாட்டு அரசு முடிவுக்கு வந்து அபராதம் விதித்தது.

டீசல் புகை மோசடியிலும் இதுபோல் ஒரு தெளிவு தேவை. சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக்காட்டும் மென்பொருளை வைத்துப் பிடிபட்டது ஃபோக்ஸ்வாகன். அந்தக் குற்றத்தை பி.எம்.டபிள்யூ. மேல் ஏற்றுவது தவறு. ஆனால் புகைச் சுத்திகரிப்புத் தொழில்நுட்பத்தில் சட்டம் கேட்பதைவிடச் சிறப்பாகச் செய்ய வேண்டாம் என்று டைம்லரோடும் ஃபோக்ஸ்வாகனோடும் கூடிப் பேசியதற்காக 2021இல் ஐரோப்பிய ஆணையம் அதற்கு 37 கோடி யூரோவுக்கு மேல் தண்டம் போட்டது. போட்டியால் வளர்ந்த ஒரு கம்பெனி போட்டியிடாமல் இருக்க ஒப்புக்கொண்டது என்பதால், சட்ட அளவில் சிறியதாக இருந்தாலும் இதை நாங்கள் பெரிய இழுக்காகவே பார்க்கிறோம்.

தமிழ்நாட்டில் கேட்கப்படும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம்: செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் வெளிவரும் பி.எம்.டபிள்யூ. கார்கள் 'நம் ஊர்த் தயாரிப்பா'? பெரும்பகுதி அது கோக்கும் ஆலை. முழுக் காராக இறக்குமதி செய்தால் சுங்க வரி மிக அதிகம். பாகங்களாக வந்தால் குறைவு. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஃபோர்ஸ் மோட்டார்ஸின் சென்னை ஆலையில் கோக்கப்பட்டு வருகின்றன. வடிவமைப்பு மியூனிக்கில்தான். ஓசூரில் நடப்பது வேறு வகை. 2013இல் டி.வி.எஸ். செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் உருவான ஜி 310 ஆர் பைக், உலகச் சந்தைக்கே ஓசூரிலிருந்து போனது. அதன் ஒற்றைச் சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும். காற்று முன்னாலிருந்து உள்ளே வந்து புகை பின்னால் வெளியேறும், வழக்கத்துக்கு நேர்மாறாக. பி.எம்.டபிள்யூ. சின்னம் தாங்கிய ஒரு வண்டியின் தரத்துக்கு முழுதாகப் பொறுப்பேற்றவர்கள் ஓசூர்த் தொழிலாளர்கள். பெருமைப்பட வேண்டுமென்றால் இதற்குத்தான் கூடுதல் காரணம் இருக்கிறது.

இப்போது அந்நிறுவனம் தன் மின்சாரக் கார் வரிசைக்கு 1961இன் 'நியூவ கிளாசே' பெயரையே மீண்டும் வைத்திருக்கிறது. முதல் வண்டி ஐஎக்ஸ்3, ஹங்கேரியின் டெப்ரெசென் ஆலையிலிருந்து வருகிறது. மியூனிக் தாய் ஆலை 2027 முடிவிலிருந்து மின்சாரக் கார்களை மட்டுமே செய்யும். அங்கிருந்த எஞ்சின் பிரிவு ஆஸ்திரியாவின் ஸ்டைருக்கும் இங்கிலாந்தின் ஹாம்ஸ் ஹாலுக்கும் போய்விட்டது. ஆறு சிலிண்டர் கொடுத்த அதிர்வில்லாத ஓட்டம் மின் மோட்டாரில் எல்லாருக்கும் இயல்பாகவே கிடைத்துவிடுகிறது, சீனக் கம்பெனிகளுக்கும்தான். மிச்சம் இருப்பது எடைப் பங்கீடு, ஸ்டீயரிங், பிரேக், இவற்றை ஆளும் மென்பொருள். பழைய பெயரின் கடனில் சில ஆண்டுகள் விற்கலாம். 1500ஐ வாங்கியவர்கள் அந்தப் பெயருக்காக வாங்கவில்லை. அப்போது அதற்கு அப்படியொரு பெயரே இல்லை.